கை எடுத்த பிறகும் ஒலித்த தபலா

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மேடையில் யார் கையும் வாத்தியத்தின் மேல் இருக்கக் கூடாது. மட்டாஞ்சேரியில் இதற்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. தொழுகைக்கு அழைக்கும் குரல் காதில் விழுந்ததும் பாடுகிறவர் வாயை மூடுவார், நாங்கள் கையை எடுப்போம். விசேஷம் யார் வீட்டுடையதாக இருந்தாலும் இதுதான் வழக்கம். பாங்கு முடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் சிலர் தண்ணீர் குடிப்பார்கள், சிலர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பாங்கு கேட்டதும் தலையை மூடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்னிடம் கேட்காமலே கை தலைக்குப் போய்விடும்.

அப்படிப் பழகிய கைதான் என் வீட்டுக்காரரை முந்நூறு பேர் முன்னால் காட்டிக்கொடுத்தது.

நான் கீபோர்டு வாசிக்கிறவள். அவர் தபலா. இருபத்தாறு வருடமாக ஒரே மேடையில், நான் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். நடுவில் பாடுகிறவர் மட்டாஞ்சேரிக்காரர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறையில் இக்கா என்று கூப்பிடுவோம். மலையாளிதான், ஆனால் எங்களோடு பேசும்போது தமிழ் மாதிரி ஒன்றைப் பேசுவார். கல்யாணம், நிச்சயதார்த்தம், கடைத் திறப்பு, மாடி அறையில் பாய் விரித்து இருபது முப்பது பேர் மட்டும் உட்கார்ந்து கேட்கிற பாட்டுக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். பகலில் என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் ஒரு பைப் கடையில் வேலை. எனக்கு வீட்டிலேயே பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. இதைப் பெரிய துக்கமாகச் சொல்லவில்லை. மேடையில் எங்களைப் புருஷன் பெண்டாட்டி ஜோடி என்று அறிமுகம் செய்து வைக்கும்போது எனக்கு ஏன் அத்தனை பெருமை என்பது புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அவர் கை நடுக்கம் முதலில் பூட்டில்தான் தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் காய்கறிப் பையோடு பின்னால் நிற்கிறேன், அவர் சாவியைப் பூட்டில் குத்திக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பிறகுதான் வரும். "என்ன, வீடு மாறி வந்துட்டோமா? இத்தனை நேரமா ஒரு பூட்டைத் திறக்க?" என்றேன். அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். நான் திறந்து உள்ளே போய்க் காய்கறியை எல்லாம் எடுத்து வைத்த பிறகுதான் அவர் முகம் எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

வலது கை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், குறையலாம், முழுதாகப் போகாது என்றார். பைப் கடையில் பில் எழுதுவதிலிருந்து மாற்றிச் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் சோற்றுக்கு ஸ்பூன் வந்தது. சாயா டம்ளரில் பாதிதான் ஊற்றுவேன், அவரும் ஏன் பாதி என்று கேட்டதில்லை. மேடையில் மட்டும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார். கை வேகமாக ஓடும்போது நடுக்கம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடக்கொச்சியில் ஒரு நிச்சயதார்த்தம். மெதுவான பாட்டு. மெதுவான பாட்டில்தான் தபலாக்காரருக்கு ஒளிய இடம் கிடையாது. அவர் அடி ஒன்று தவறி விழுந்தது, அடுத்தது முன்னால் வந்து விழுந்தது. இக்கா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் பாட்டுக்கு நடுவே பின்னால் திரும்பி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்து சாமானை வண்டியில் ஏற்றும்போது இக்கா என்னைத் தனியாகச் சாயாக்கடைக்குக் கூப்பிட்டார்.

"சேச்சி, தப்பா நினைக்கண்டா," என்றார். "அடுத்த ஞாயிறு வேற ஆளை நோக்கட்டே?"

"வேற ஆள் வந்தா கீபோர்டுக்கும் வேற ஆள் பாத்துக்குங்க," என்றேன்.

"சேச்சி, நான் அவரைக் குறைச்சுச் சொல்லியதில்ல."

"எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன். ஒரு வாரம் குடுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்பது அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. வண்டியில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

அதற்கு நாலு வருடம் முன்னால் ஒரு மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறி ஒரு வாரம் கடைகள் மூடிக் கிடந்தன. அவர் வீட்டிலேயே இருந்தார். என்னிடம் கற்கும் பிள்ளைகள் தங்கள் வீட்டில் பயிற்சி செய்யும்போது கூடவே ஓட ஒரு தாளம் வேண்டும் என்று அவரை உட்கார வைத்துப் பதிவு செய்தேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து ஒழுகிக்கொண்டு வாசித்தார். எட்டு மாத்திரைத் தாளத்தில் மெதுவாக ஒன்று, நடுவேகத்தில் ஒன்று, ஆறு மாத்திரையில் ஒன்று, பாட்டு முடிக்கும்போது வாசிக்கிற வேகமான உருட்டல் ஒன்று. ஆக நாலு. ஒவ்வொன்றையும் தனக்குப் பிடிக்கும் வரை திரும்பத் திரும்ப வாசித்தார். "போதுங்க, குழந்தைங்க வாசிக்கத்தானே" என்று நான் அலுத்துக்கொண்டேன். "குழந்தைங்க காதுலதான் தப்பு ஒட்டிக்கும்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

என் கீபோர்டின் இடது ஓரத்தில் நாலு ரப்பர் பொத்தான்கள் இருக்கின்றன. பென்டிரைவிலிருந்து எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் அவற்றில் ஏற்றி வைக்கலாம். ஒரு தடவை அழுத்தினால் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் அதே பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். மற்ற கட்டைகள் அப்படியல்ல, விரலை எடுத்தால் சத்தம் போய்விடும். இந்த வித்தியாசம் கீபோர்டு கற்றுக்கொள்ள வரும் எட்டு வயதுக் குழந்தைக்கும் நான் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது. நாலு பொத்தானிலும் அவருடைய நாலு வாசிப்பையும் ஏற்றினேன். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் செய்தேன்.

அடுத்த ஞாயிறு மைக் செட் சேட்டனிடம் போய்த் தபலா மைக்கைக் குறைத்து வையுங்கள், அநேகமாக ஒன்றுமே வேண்டாம் என்று காதோடு சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. முதல் பாட்டின் பல்லவி முடிந்து தபலா சேர வேண்டிய இடம் வந்தது. நான் தலையசைத்தேன், பொத்தானை அழுத்தினேன்.

ஹால் முழுக்க நாலு வருடம் முந்தைய தபலா கேட்டது. சுத்தமான அடி. என் வீட்டுக்காரரின் கை தோலின் மேல் ஒரு கணம் நின்றது. அவர் தபலாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பாட்டு எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கை மறுபடி அசைய ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து சாப்பாடு எடுத்து வைக்கும்போது, "சும்மா சத்தம் கனமா கேக்க ஒரு லூப் போட்டேன்," என்றேன். இந்த ஒரு வரியை அன்று முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"ம். நல்லா இருந்துச்சு," என்றார்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கனத்துக்காகத்தான் போடுகிறேன், மேலே தன்னுடைய தபலாவும் கேட்கிறது என்று அவர் நம்புவதாக நான் வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அதில் கெட்டிக்காரியாகவும் ஆகிவிட்டேன். பாட்டின் எந்த இடத்தில் எந்தப் பொத்தான், எங்கே நிறுத்தி எங்கே வேகமானதை விட வேண்டும் என்பதெல்லாம் கைக்குள் வந்துவிட்டது. கீபோர்டுப் பெட்டிதான் ஓடுகிறது என்று முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. இக்காவுக்கு மட்டும் ஒரு குறை. "சேட்டன் வாசிச்ச காலத்தில் எனக்கு மூச்சு விட சமயம் கிட்டும். சேச்சியோட பெட்டி நிக்கூல்ல," என்பார். உண்மைதான். அவர் மூச்சு இழுக்கும் வரை என் வீட்டுக்காரர் அடுத்த அடியைத் தாங்கி வைத்திருந்து போடுவார். பதிவுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு ஓடும்.

என்னைச் சங்கடப்படுத்தியது வேறு. என் வீட்டுக்காரர் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டு, என்னிடம் சுருதிக் கட்டையை அழுத்தச் சொல்லி மறுபடி கேட்டு. வலது கையால் சுத்தியல் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். யாருக்கும் கேட்கப்போகாத தபலாவுக்கு இவ்வளவு பாடு. எனக்குப் பார்க்க முடியாது. "போதும், சரியாத்தான் இருக்கு," என்று எரிந்து விழுவேன். அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பார்.

வாசிக்கும்போதும் ஒன்றைக் கவனித்தேன். முதலில் கொஞ்ச நாள் நன்றாகவே அடித்தார். மாதங்கள் போகப் போக அடி லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் விரல்கள் தோலைத் தொட்டுத் தொட்டு எடுத்தன, சத்தமே வராது. தன்னுடைய வாசிப்புக்குத் தானே இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. ஏன் இப்படித் தொடுகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் மற்றதையும் பேச வேண்டி வரும் என்று விட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது வந்து அவரிடம், "சேட்டா, கை இப்பவும் அதே கைதான்," என்பார்கள். அவர் இரண்டு கையையும் இறுக்கிக் கூப்புவார். இறுக்கிக் கூப்பினால் நடுக்கம் தெரியாது. நான் பக்கத்தில் நின்று வயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் மானத்தை நான்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்ற கர்வமும் இருந்தது.

இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது பாங்கு நேரத்தில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை, காரணம் இக்கா. நேரம் நெருங்கினால் அவர் பாட்டைத் தொடங்கவே மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஏதாவது பேசி, பாங்கு முடிந்த பிறகுதான் அடுத்ததை எடுப்பார்.

அன்று மட்டாஞ்சேரியிலேயே ஒரு கல்யாண ஹால். பகல் விருந்து. பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வைட்டிலாவில் நெரிசலில் நின்றுவிட்டது. இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய பாட்டு மூன்றுக்கு மேல்தான் தொடங்கியது. இரண்டு பாட்டு ஆனதும் இக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பெண்ணின் அப்பா கீழே நின்று, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிடுவார்கள், இன்னும் ஒன்று பாடுங்கள் என்று கையைக் காட்டிக் கேட்டார். இக்கா தயங்கினார். பிறகு ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். நான் முதல் பொத்தானை அழுத்தினேன்.

சரணத்தின் நடுவில் பாங்கு கேட்டது. இக்கா அப்படியே நிறுத்தினார். நான் இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன்.

தபலா கேட்டுக்கொண்டே இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் அவர் மேல். இந்த மனிதருக்குக் காது போய்விட்டதா, பாங்கு நேரத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறாரே, ஊரில் நாளைக்குத் தலைகாட்ட முடியுமா என்று நினைத்து, கண்ணைத் திறந்து அவர் பக்கம் முறைத்துத் திரும்பினேன்.

அவர் கைகள் மடியில் இருந்தன. வலது கையை இடது கை பிடித்திருந்தது.

ஹாலில் இருந்த எல்லாரும் என்னைப் போலவே நினைத்து என்னைப் போலவே அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள். எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தபலா மட்டும் அதே சுத்தத்தோடு எட்டு எட்டாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் நினைத்திருந்தால் கையைத் தூக்கித் தபலாவில் வைத்து நாலு அடி அடித்து, பிறகு நிறுத்தியிருக்கலாம். தெரியாமல் வாசித்துவிட்டார் என்று நாலு பேர் திட்டுவார்கள், அதோடு போயிருக்கும். ரகசியம் ரகசியமாகவே இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. பாங்கு நேரத்தில் அவர் கை வாத்தியத்தைத் தொடாது. மடியில் கையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

நான் பொத்தானுக்குப் பாய்ந்தேன். பதற்றத்தில் வேறு பொத்தானில் விரல் விழுந்து, மெதுவானதோடு வேகமான உருட்டலும் சேர்ந்துகொண்டது. எது எதை நிறுத்தும் என்பதே மறந்துவிட்டது. மைக் செட் சேட்டன்தான் அங்கிருந்தபடி என் கீபோர்டின் சத்தத்தை மொத்தமாக இறக்கினார். அப்புறம் பாங்கு மட்டும் கேட்டது. அது முடிகிற வரை யாரும் அசையவில்லை. நான் முந்தானையை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அதைவிட, மேடை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

பாங்கு முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடை அருகே வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை.

"சேச்சி, அந்த நேரத்தில் பெட்டியை ஆஃப் ஆக்கியிருக்கலாமல்லோ," என்றார்.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க," என்றேன்.

அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரரே வலது கையைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அது ஆடியது.

"இதான் இப்ப என் கை," என்றார். "ரெண்டு வருஷமா நீங்க கேக்கறது இது இல்ல. பழைய பதிவு. என் சம்சாரம் போடறா, நான் பக்கத்துல இருக்கேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு எல்லாம் தெரியும் என்று.

பெண்ணின் அப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இக்காவிடம் பாடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இக்கா தபலா இல்லாமல் மூன்று பாட்டுப் பாடினார். நான் தப்பும் தவறுமாக வாசித்தேன். என் வீட்டுக்காரர் தபலாக்களைத் துணியால் மூடிவிட்டு, மேடையை விட்டு இறங்காமல், கடைசி வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் பின்வாசல் வழியாக ஓடியிருப்பேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அவர் கையில் ஒரு பை, என் கையில் ஒரு பை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் நான்தான் ஆரம்பித்தேன். என் வழக்கப்படி சண்டையாகத்தான் ஆரம்பித்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு வருஷம் வாயைத் திறக்காம இருந்திருக்கீங்க. என்னை என்ன, பைத்தியக்காரின்னு நினைச்சீங்களா?"

"முதல் நாளே தெரியும்," என்றார். "என் அடி எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

கால் கழுவப் போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும் உண்மையைச் சொன்னேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லி வந்தேன், ஆனால் அது பாதிதான். இடக்கொச்சியில் அடி தவறிய அன்று எனக்கு உங்கள் மேல் பரிதாபம் வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. ஜோடி என்று பேர் வாங்கிய மேடையில் ஒருத்தர் தப்பாக வாசித்தால் என் பேரும் போய்விடுமே என்று பயந்தேன். இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு வருடத்தில் அவரிடம் இப்படி ஒரு தடவையும் பேசியதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சாப்பிடலாம்," என்றார்.

மூன்று நாள் கழித்து இக்கா போன் செய்தார். இனி ஒருவரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வேறு. அடுத்த வாரம் ஒரு வீட்டில் பாட்டுக் கூட்டம். நடந்தது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் வருத்தம் இல்லை. இனி ஒளித்துச் செய்ய வேண்டாம், பதிவுதான் ஓடுகிறது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுப் போடலாம். "அது சேட்டனோட கைதானே. சேட்டன் வந்து கூட இருந்தா மதி, அது போதும்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கெட்டதிலும் ஒரு நல்லது நடந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை, அவர் இடம் அவருக்கு இருக்கிறது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே இந்தத் தடவையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"உங்க வாசிப்பை மேடையில போடட்டுமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கிடங்கில் இஞ்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்கிற வரை யோசித்தார்.

"வேண்டாம்," என்றார்.

"ஏன்? இனிமே எல்லாம் வெளிப்படையாத்தானே?"

"வேண்டாம். இக்காகிட்ட வேற தபலாக்காரரைக் கூப்பிடச் சொல்லு. அவருக்கு மூச்சு விட இடம் வேணும். பெட்டி குடுக்காது."

என் குரல் உயர்ந்துவிட்டது. "ரெண்டு வருஷம் ஓடுச்சே. அப்ப வேண்டாம்னு தோணலையா உங்களுக்கு?"

"அப்ப நீ கேக்கல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "முதல் நாளே கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். சந்தோஷமா சொல்லியிருப்பேன்."

கேட்காமல் மேடையில் ஓட்டியதை இனி நான் வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. பிறகு எழுந்து போய்க் கீபோர்டின் உறையை எடுத்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த பழைய பதிவுகள் எல்லாம் போன் மாறி, கம்ப்யூட்டர் மாறி என்றோ போய்விட்டன. மிச்சம் இருந்தது இந்தப் பொத்தான்களிலும் அந்த ஒரு பென்டிரைவிலும்தான். அது அவருக்கும் தெரியும். நான் அழிக்கப்போகிறேன் என்று புரிந்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பென்டிரைவை முதலில் அழித்தேன். பிறகு வேகமான உருட்டல். பிறகு ஆறு மாத்திரை. நடுவேகம். ஒவ்வொன்றும் போகப் போகப் பொத்தானின் சின்ன விளக்கு அணைந்தது. கடைசியாக மெதுவானது மட்டும் இருந்தது, அன்று ஹாலில் ஓடியது.

"இதை ஒரு தடவை போடு," என்றார்.

அழுத்தினேன். சின்ன அறையில் அது இன்னும் கிட்டத்தில் கேட்டது. அவர் இடது கை விரல்கள் முட்டியில் மாத்திரை எண்ணின. வலது கை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில், நான் இத்தனை நாள் கவனிக்காத ஒரு சின்ன அடியில், புருவத்தைத் தூக்கித் தலையை ஆட்டினார். ஏழெட்டுச் சுற்றுக் கேட்ட பிறகு போதும் என்று கை காட்டினார். நிறுத்தினேன்.

"நல்லா வாசிச்சிருக்கான்," என்றார்.

கீபோர்டின் திரையில், அழிக்கவா என்று கேட்டு நின்றது. நான் அவரைக் கேட்டேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அழித்தேன்.